நூறு ரூபாய்க்கு எத்தனை கிலோமீட்டர்?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பெட்ரோல் பங்குகளில் இரு சக்கர வண்டிக்காரர்கள் லிட்டர் கணக்கில் கேட்பது குறைவு. "நூறுக்குப் போடுங்க" என்பார்கள். மாதக் கடைசியில் நூறு ஐம்பதாகும். இப்படி வாங்குகிறவருக்கு விலையேற்றம் ரூபாயில் தெரிவதில்லை, தூரத்தில் தெரிகிறது. 2020இன் தொடக்க மாதங்களில் பெட்ரோல் லிட்டர் 75 ரூபாய் அளவில் இருந்தது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் நூறு ரூபாய்க்கு 66 கிலோமீட்டர் ஓடியிருக்கும். 2022 ஏப்ரலில் விலை 111 ரூபாயை ஒட்டி நின்றபோது அதே நூறுக்கு 45 கிலோமீட்டர்தான். கம்பெனி வீட்டிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவருக்கு முன்பு போய்வந்தும் டேங்கில் மிச்சம் இருந்தது. பிறகு வீடு வந்து சேர 5 கிலோமீட்டருக்குப் பற்றவில்லை.

கச்சா எண்ணெய் விலை ஏன் ஏறுகிறது என்று எழுத ஆட்கள் நிறைய உண்டு. ஏறும்போது கொங்கு நாட்டில் யாருக்கு வலிக்கிறது, அவருக்கு மட்டும் ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே வளர்ந்துவிட்ட தூரமும், ஷிப்டு விடும் நேரத்தில் பஸ் இல்லாததும்தான் இந்த வட்டாரத்துத் தொழிலாளியை எண்ணெய் விலையின் கையில் பிடித்துக் கொடுத்திருக்கின்றன. பங்கில் எழுதிப் போட்டிருக்கும் விலை அதற்குப் பிறகு வரும் சமாச்சாரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிணத்துக்கடவிலிருந்தோ காரமடையிலிருந்தோ நகரத்துக்குள் ஒரு பட்டறைக்கு வருகிறவர், ஒரு நடை 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாளுக்கு 1,300 கிலோமீட்டர், 26 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 2,600 ரூபாய். சம்பளம் 15,000 என்றால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. பீளமேட்டு ஐ.டி. கம்பெனிக்குக் காரில் வருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நடை 12 கிலோமீட்டர், மாதம் 22 நாள், லிட்டருக்கு 15 கிலோமீட்டர். அவருக்கு ஆவது 35 லிட்டர், 3,500 ரூபாய். ரூபாயில் அவர் செலவு அதிகம். ஆனால் சம்பளம் 80,000 என்றால் அது நாலரை சதவீதம்கூட இல்லை. விலை 10 ரூபாய் ஏறினால் முதலாமவருக்கு 260, இரண்டாமவருக்கு 350. எண்களை மட்டும் பார்த்தால் கார்க்காரருக்குத்தான் அடி பலம் என்று தோன்றும். சம்பளத்தைப் பக்கத்தில் வைத்தால் கதை மாறிவிடுகிறது.

மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, 2022–23க்கு வெளியிட்ட விவரத்தில், இந்தியக் குடும்பங்களின் மொத்தச் செலவில் போக்குவரத்துக்குப் போவது கிராமத்தில் சுமார் 7.5 சதவீதம், நகரத்தில் சுமார் 8.6 சதவீதம் என்றது. அது சராசரி. சராசரிக்குள் நடந்தே வேலைக்குப் போகிறவரும் இருக்கிறார், வேலைக்கே போகாதவரும் இருக்கிறார். நம் பட்டறைக்காரர் அதில் காணாமல் போய்விடுகிறார்.

இப்படிக் காணாமல் போகிறவர்களைக் கண்டுபிடிக்க ஆஸ்திரேலியாவில் ஒரு வழி செய்தார்கள். கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் ஜேகோ டாட்சனும் நீல் சைப்பும் 2000களின் நடுவில் பிரிஸ்பேன், சிட்னி, மெல்பர்ன் நகரங்களை எடுத்து, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களை வைத்தே ஒரு குறியீடு உருவாக்கினார்கள். வாம்பயர் என்று அதற்குப் பெயர். ஒரு பகுதியில் எத்தனை பேர் காரில் வேலைக்குப் போகிறார்கள், வருமானம் என்ன, வீட்டுக்கடன் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதைச் சேர்த்து, எண்ணெய் விலையும் வட்டியும் சேர்ந்து ஏறினால் எந்தத் தெரு முதலில் திணறும் என்று வரைபடம் போட்டார்கள். மையத்தில் ரயிலுக்குப் பக்கத்தில் இருந்த வசதியான பகுதிகள் தப்பின. மலிவான மனை தேடி நகரத்தின் விளிம்புக்குப் போனவர்கள் சிவப்பில் விழுந்தார்கள்.

நம் ஊரில் கார் இருக்கும் இடத்தில் எக்ஸெல் மொபெட்டையும் பழைய ஸ்ப்ளெண்டரையும் வைத்தால் அந்த வரைபடம் கோவைக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். அன்னூர், கோவில்பாளையம், கருமத்தம்பட்டி, சூலூர் பக்கம் 'சைட்' வாங்கியவர்கள் சென்ட் விலையைப் பார்த்தார்கள், மாதத் தவணையைப் பார்த்தார்கள். அடுத்த இருபது வருஷத்துப் பெட்ரோலை அந்த விலையோடு கூட்டிப் பார்த்தவர் யார்? மனை விற்கிறவர் துண்டறிக்கையில் அதைப் போட மாட்டார். வரைபடம் போட விவரமும் பழசு. 2011 கணக்கெடுப்பில் வேலைக்குப் போகும் தூரத்தையும் வாகனத்தையும் கேட்டார்கள். அதுவும் 'பிற தொழிலாளர்' என்ற வகையினருக்கு மட்டும். விவசாயியும், விவசாயக் கூலியும், வீட்டிலேயே தறி ஓட்டுகிறவரும் அந்த அட்டவணைக்குள் வரவில்லை. தறி வைத்திருப்பவர் வேலைக்குப் பயணம் செய்வதில்லை என்று அட்டவணை நினைத்துக்கொள்ளலாம். சோமனூர்ப் பக்கம் பாவும் துணியும் ஏற்றிக்கொண்டு ஓடும் மொபெட்டுகளைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அடுத்த கணக்கெடுப்பு 2027இல்தான்.

தூரம் எப்படி வளர்ந்தது என்பதில்தான் கொங்கு நாட்டுக் கதை மற்ற ஊர்க் கதையிலிருந்து விலகுகிறது. கோவையின் முதல் நூற்பாலையான ஸ்டேன்ஸ் மில் 1888இல் வந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் மளமளவென்று எழுந்தன. பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், கணபதி எல்லாம் மில்லைச் சுற்றி ஊரானவை. மில் சங்கு ஊதினால் கேட்கும் தூரத்தில் தொழிலாளி குடியிருந்தார்; நடந்தோ சைக்கிளிலோ போனார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, கரி வாயுவில் பஸ் ஓடியது. அந்தக் கரி பஸ்களைத் தள்ளிவிட்ட கதையைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். அப்போது சிரமப்பட்டவர்கள் வெளியூர்ப் பயணிகளும் பஸ் முதலாளிகளும். மில் தொழிலாளி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை மறித்து, பீப்பாய் விலை சில மாதத்தில் ஏறக்குறைய நாலு மடங்கானபோதும் அப்படித்தான். லாரிக்கும், தோட்டத்துக் கிணற்றில் ஓடிய டீசல் இன்ஜினுக்கும் அடி விழுந்தது. ஷிப்டுக்கு நடந்து போனவரின் காலுக்கு எண்ணெய் தேவைப்படவில்லை.

அதன் பிறகு மில்கள் ஒவ்வொன்றாய் மூடின. நூற்பு பல்லடம், உடுமலை, அவினாசி, அன்னூர்க் காட்டுக்குள் போனது. வார்ப்பாலைகள் அரசூர், கிணத்துக்கடவுப் பக்கம் நகர்ந்தன. திருப்பூர் பனியன் தொழில் சுற்றுப்பட்டுக் கிராமங்களையெல்லாம் இழுத்துக்கொண்டது. பெருந்துறையில் சிப்காட் வந்தது. சரவணம்பட்டியிலும் கீரணத்தத்திலும் ஐ.டி. கட்டடங்கள் வந்தன. பழைய மில் மனைகள் கடைத்தெருவாயின. லட்சுமி மில் வளாகத்தில் 2023 முதல் லூலு ஹைப்பர் மார்க்கெட் இருக்கிறது. வேலை இப்படி ஐம்பது திசைக்குச் சிதறியபோது வீடும் சிதறித்தான் இருந்தது. காவிரிப் படுகையில் வீடுகள் தெருத்தெருவாகச் சேர்ந்திருக்கும். கொங்கு விவசாயி அவரவர் தோட்டத்துச் சாளையில், கிணற்றுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர். பஸ் ரோட்டுக்கு வரவே ஒரு மைல், இரண்டு மைல். இந்த நிலத்தில் மொபெட் ஓடிப் பிடித்ததில் வியப்பில்லை. 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. பால் கேனும் தீவன மூட்டையும் மனைவியும் பிள்ளையும் ஒரே வண்டியில் போக முடிந்தது. அதன் வாரிசான எக்ஸெல் இன்றும் ஓசூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

ஆகவே இரு சக்கர வண்டியைச் சொகுசு என்று பேசுவது இங்கே பொருந்தாது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது, அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் சொன்ன காரணமே அதுதான்: மாநிலத்தில் 2.63 கோடி இரு சக்கர வண்டிகள் இருக்கின்றன, அவை உழைக்கும் ஏழைகளின் வாகனம்.

இதற்கு எதிரே பஸ்ஸை நிறுத்திப் பார்க்க வேண்டும். பஸ் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஜி.டி. நாயுடு 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி தடத்தில் தொடங்கியதுதான் யு.எம்.எஸ். பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டரின் ஏ.பி.டி. இன்னொரு பெரிய பெயர். 1972இல் சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. இத்தனை பழைய பஸ் நாட்டில் ஏன் ஆட்கள் வண்டியில் போகிறார்கள்? தடங்களின் அமைப்பு முதல் காரணம். கோவையின் சாலைகள் அவினாசி, திருச்சி, பொள்ளாச்சி, பாலக்காடு, மேட்டுப்பாளையம், சத்தி என்று நடுவிலிருந்து வெளியே விரிகின்றன. டவுன் பஸ்ஸும் அப்படியே காந்திபுரத்துக்கும் உக்கடத்துக்கும் சிங்காநல்லூருக்கும் ஓடுகிறது. வேலை அப்படி இல்லை. சோமனூரில் குடியிருந்து கோவில்பாளையத்துக்குப் போகிறவரை பஸ் நகரத்துக்குள் இழுத்து வந்து, இன்னொரு பஸ் மாற்றச் சொல்கிறது. அவர் வண்டியில் குறுக்கே போய்விடுகிறார்.

நேரம் இரண்டாவது காரணம். என் கணக்கில் அதுவே பெரியது. திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்டு' என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரை, ஒன்பதுக்கு வெளியே வருவது. ஆர்டர் அவசரம் என்றால் அதற்கும் மேலே. காலையில் கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ்ஸில் போய்விடலாம். இரவு ஒன்பதரைக்குக் கிராமத்துக்குள் போகும் பஸ் எங்கே? திரும்பி வர வழியில்லாத ஒரு நடைக்காக இரண்டு நடையும் வண்டியில் போகிறது. பழக்கம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தக் கடைசி பஸ்ஸின் நேரம்தான்.

கட்டணமும் இதில் வேலை செய்கிறது, கொஞ்சம் கோணலாக. அரசு பஸ் கட்டணம் 2011 நவம்பரில் ஏறியது, பிறகு 2018 ஜனவரியில் ஏறியது. எதிர்ப்பு கிளம்பியதும் கொஞ்சம் இறங்கியது. அப்போது டீசல் 66 ரூபாயை ஒட்டி இருந்தது. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்த பிறகும் 92 ரூபாய்க்கு மேல். கட்டணம் அப்படியே நின்றது பயணிக்கு நல்லதுதான். எண்ணெய் விலையின் அடியை அவருக்குப் பதிலாகப் போக்குவரத்துக் கழகம் வாங்கிக்கொண்டது. ஆனால் கட்டணத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது என்பதால் தனியார் டவுன் பஸ் முதலாளிக்கும் அதே தலைவிதி. கோவை, ஈரோடு பக்கம் பல தடங்களில் ஏர் ஹாரனும் பாட்டுமாக முதலில் வந்து நிற்பது தனியார் பஸ்தான். டீசல் ஏறி, கட்டணம் ஏறாவிட்டால் அவர் கை வைக்கக்கூடியது ஆள் குறைந்த நடையில். அந்த நடை ராத்திரி நடை. டீசல் விலை இப்படி ஒரு சுற்றுச் சுற்றி, பஸ்ஸில் போகிறவரையும் வண்டிக்குத் தள்ளுகிறது.

பெண்களின் கணக்கு வேறு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. மாநிலத் திட்டக்குழு நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் மாவட்டங்களில் ஆய்வு செய்து, மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது. திருப்பூரை அந்த ஆய்வுக்குச் சேர்த்தது பொருத்தம். பெண்கள் கூட்டமாக வேலைக்குப் போகும் மாவட்டம் அது. 2022 மார்ச்–ஏப்ரலில் பெட்ரோல் நாளுக்கு எண்பது பைசா வீதம் ஏறிக்கொண்டிருந்தபோது, ஒரே வீட்டில் கணவரின் பயணச் செலவு ஏற, மனைவியின் பயணச் செலவு சுழியத்தில் நின்றிருக்கும். எண்ணெய் விலைக்கு எதிராகத் தமிழ்நாடு கட்டிய ஆகப்பெரிய தடுப்பணை இதுதான் என்பேன், அதைக் கட்டியவர்கள் அந்த நோக்கத்தில் கட்டாவிட்டாலும். ஓட்டைகளும் உண்டு. தனியார் பஸ்ஸில் சலுகை இல்லை. பஸ்ஸே வராத ஊருக்கு இலவசம் என்று அறிவித்து என்ன பயன்? பஸ்ஸை நம்பி இருப்பதால், பெண்கள் பஸ் போகும் தூரத்துக்குள் மட்டும் வேலை தேடுகிறார்கள். அங்கே கூலி குறைவென்றாலும் ஒத்துக்கொள்கிறார்கள். பெட்ரோலுக்குச் செலவில்லை என்று கணக்கில் வரும் இந்த இழப்பு எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

பனியன் கம்பெனிகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. காங்கேயம், தாராபுரம், கோபி பக்கத்து ஊர்களுக்கு விடிகாலையில் கம்பெனி வண்டி போய் ஆள் ஏற்றி வருகிறது. தொழிலாளியின் பார்வையில் எண்ணெய் அபாயம் முதலாளிக்கு மாறிவிட்டது. முழுவதும் மாறிவிடவில்லை. டீசல் ஏறினால் இரண்டு ஊரை ஒரே நடையில் சேர்ப்பார்கள். பெண்கள் இன்னும் முக்கால் மணி நேரம் முன்னால் எழுந்திருக்க வேண்டும். இன்னொரு வழி விடுதி. வட மாநிலத் தொழிலாளர் கம்பெனிக்குப் பக்கத்திலேயே லைன் வீட்டில் தங்குவதால் எண்ணெய் விலை அவரைத் தொடுவதே இல்லை. பழைய மில் லைன் வீட்டின் நன்மை இவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த விலையில்.

இனி விலை. கோவையின் பெட்ரோல் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. பாரத் பெட்ரோலியத்தின் கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து இருகூருக்கும், அங்கிருந்து கரூருக்கும் 292 கிலோமீட்டர் குழாய் 2002 முதல் ஓடுகிறது. இருகூரிலிருந்து கர்நாடகத்தின் தேவனகொந்திக்கு இன்னொரு குழாய் போட வந்தபோது, விளைநிலத்தில் வேண்டாம், சாலையோரமாகப் போடுங்கள் என்று விவசாயிகள் போராடினார்கள். குழாய்க்குள் வரும் பெட்ரோல் பக்கத்து ஊரிலிருந்து வந்தாலும், அதன் மூலப்பொருளுக்கு விலை வைப்பது உலகச் சந்தை. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. ஒரு பீப்பாய் 159 லிட்டர். டாலர் 85 ரூபாய் என்றால், பீப்பாய்க்கு 10 டாலர் ஏறும்போது லிட்டருக்கு 5 ரூபாய்க்கு மேல் கூடவேண்டும். ரூபாய் சரிந்தால் அது தனி.

பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூனிலும் டீசல் கட்டுப்பாட்டை 2014 அக்டோபரிலும் மத்திய அரசு எடுத்துவிட்டது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாறும் என்றார்கள். சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதுதான் பேச்சு. 2020 ஏப்ரலில் உலகம் வீட்டுக்குள் முடங்கி, பிரெண்ட் கச்சா எண்ணெய் 20 டாலருக்கும் கீழே போனபோது என்ன நடந்தது? மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரி ஏற்றியது. 2014இல் லிட்டருக்கு 9.48 ரூபாயாக இருந்த பெட்ரோல் கலால் 33 ரூபாயை ஒட்டி வந்தது. தமிழ்நாடும் அதே மாதம் தன் வரியை மாற்றி அமைத்து விலையைக் கூட்டியது. இறக்கத்தின் லாபம் பயணியின் கைக்கு வரவே இல்லை.

ஏற்றமும் நேராக வருவதில்லை, தேர்தலைப் பார்த்து வருகிறது. தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தல் முடிந்து மே 2இல் வாக்கு எண்ணினார்கள். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏறாமல் இருந்த விலை மே 4இல் ஏறத் தொடங்கி, ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் நூறைத் தாண்டியது. 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 22 வரை மறுபடி அசையவில்லை. அந்த இடைவெளியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது, பிரெண்ட் 139 டாலரைத் தொட்டது, உத்தரப் பிரதேசம் உள்பட ஐந்து மாநிலங்களில் தேர்தல் முடிந்தது. பிறகு 16 நாளில் 14 தடவை, மொத்தம் 10 ரூபாய் ஏறியது. மே 21இல் கலால் வரியை 8 ரூபாய் குறைத்தார்கள். நாள்தோறும் சிறிதாக மாறினால் மனிதர் தன்னைப் பழக்கிக்கொள்வார். நாலு மாதம் உறங்கவிட்டு இரண்டு வாரத்தில் அடித்தால் தன் பயணத்தை மாற்றிக்கொள்ள அவருக்கு அவகாசமே இல்லை. கட்டுப்பாடும் இல்லாமல் சந்தையும் இல்லாமல் நடுவில் நிற்கும் இந்த முறையை என்னால் மெச்ச முடியவில்லை.

வரியில் ஒரு நுணுக்கம் கவனிக்கத் தக்கது. தமிழ்நாட்டின் பெட்ரோல் வரி முன்பு 34 சதவீதம். இப்போது 13 சதவீதமும் அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாயும். ரூபாயில் நிலையாக இருக்கும் பகுதி பெரிதானதால், கச்சா எண்ணெய் ஏறும்போது மாநில வரி முன்போல் கூடவே துள்ளுவதில்லை. அதே காரணத்தால் இறங்கும்போதும் முன்போல் இறங்காது.

விலை ஏறினால் ஆட்கள் பயணத்தைக் குறைப்பார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். வேலைக்குப் போகும் பயணத்தில் அது நடப்பது குறைவு. பெட்ரோல் தேவை குறுகிய காலத்தில் விலைக்கு அசைந்து கொடுப்பதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பட்டறை இருக்கும் இடத்துக்குத்தானே போக வேண்டும்? முதலில் இரண்டு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் போவார்கள். ரோட்டு முக்கில் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள், பஸ் இருந்தால். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போவது தள்ளிப் போகும். வண்டிக்கு ஆயில் மாற்றுவது தள்ளிப் போகும், மைலேஜ் இன்னும் குறையும். அதற்கும் பிறகு கறிக் கணக்கிலும் சீட்டுப் பணத்திலும் கை வைப்பார்கள். பங்கில் விற்பனை குறையாததைப் பார்த்து, மக்கள் தாங்கிக்கொண்டார்கள் என்று அதிகாரிகள் சொல்லும்போது, அந்தத் தாங்கல் வேறு எந்தக் கடையின் கல்லாவில் குறைந்தது என்று பார்ப்பதில்லை. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிப் பையன்களுக்கோ கை வைக்கவும் இடமில்லை. அவர்களுக்குப் பெட்ரோல்தான் முதலீடு, மிச்சம்தான் கூலி.

எல்லை மீறினால் எப்படி இருக்கும் என்பதை 2022இல் இலங்கை காட்டியது. டாலர் இல்லாமல் எண்ணெய்க் கப்பலுக்குப் பணம் கட்ட முடியாமல், நாள்கணக்கில் வரிசை நின்றது. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5. நம் பட்டறைக்காரருக்கு வாரம் 6 லிட்டர் வேண்டும். இலங்கையில் சைக்கிள் விலை எகிறியது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அது புதிதாக இருந்திருக்காது. போர்க்காலத் தடையில் ஒரு சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்கள், சைக்கிளிலேயே ஊரை நடத்தியவர்கள் அவர்கள். குடாநாடு தட்டை, தூரமும் கம்மி. 25 கிலோமீட்டருக்குச் சைக்கிள் மிதிக்கச் சொல்ல முடியாது.

தீர்வு என்று சொல்லப்படுபவற்றில் மின் வண்டி முன்னால் நிற்கிறது. அதில் கொங்கு நாட்டுக்கு மூத்த உரிமையே உண்டு: ஆம்பியர் கோவையில் 2008இல் தொடங்கியது, இன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் மின் ஸ்கூட்டரின் தலைமைப் பட்டறைகள். 50 கிலோமீட்டருக்கு ஒன்றரை, இரண்டு யூனிட் மின்சாரம் போதும். ஆனால் இதை இப்போது வாங்குபவர் யார் என்று பாருங்கள். மாதச் சம்பளமும், சொந்த வீடும், போர்ட்டிகோவில் பிளக் பாயின்ட்டும் உள்ளவர். லைன் வீட்டில் குடியிருந்து, செகண்ட் ஹேண்ட் வண்டியில் போகிறவர் கடைசியில்தான் வருவார். அதுவரை எண்ணெய் விலையின் பாரம் வசதி குறைந்தவர் தோளிலேயே சேர்ந்துகொண்டு போகும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. இறக்குமதி குறையும் என்பது நாட்டுக்கு நல்லது. வண்டிக்காரருக்கு மைலேஜ் சற்றுக் குறைகிறது, விலை குறையவில்லை. எத்தனாலுக்கு மக்காச்சோளம் போகப் போக, நாமக்கல் முட்டைப் பண்ணைக்கும் பல்லடம் கறிக்கோழிப் பண்ணைக்கும் தீவனம் விலை ஏறியது. வண்டியில் மிச்சம் பிடிக்கப் போய்ச் சட்டியில் செலவு வைத்த கதை.

மெட்ரோ ரயிலுக்கு உக்கடம்–நீலாம்பூர், ரயில் நிலையம்–வலியம்பாளையம் என்று இரண்டு தடம், 10,740 கோடி ரூபாய் என்று திட்டம் போய், 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017 கொள்கைப்படி 20 லட்சம் மக்கள் வேண்டும். மாநகராட்சியில் 2011 கணக்கில் 15.84 லட்சம்தான் என்றது. நகரத் தொகுப்பாக எண்ணினால் அப்போதே 21 லட்சத்துக்கு மேல். நகரத்துக்கு எல்லை மாநகராட்சிக் கல் வரை என்று நினைக்கிறவர்களுக்கு, கருமத்தம்பட்டியிலிருந்து காலையில் வரும் வண்டி வரிசை கண்ணில் படாது. அதே சமயம், மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களோடும் நான் சேரவில்லை. அவினாசி சாலையிலும் சத்தி சாலையிலும் உள்ளவருக்கு அது வரம். குறுக்கே போகிறவருக்கு அது தூரத்துப் பாலம்.

பாலம் என்றதும் நினைவு வருகிறது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 1,791 கோடியில் கட்டிய அவினாசி சாலை மேம்பாலம் 2025 அக்டோபர் 9இல் திறந்தது. பெயர் ஜி.டி. நாயுடு. பஸ் ஓட்டி, நேரம் தவறாமைக்குப் பெயர் வாங்கியவரின் பெயர், பஸ் நிறுத்தம் இல்லாத பாலத்துக்கு. நாயுடு இருந்திருந்தால் இதற்கு ஏதாவது சொல்லியிருப்பார்.

ரயில் ஏற்கெனவே இருக்கிறது. மேட்டுப்பாளையம் பாதையில் காரமடையும் பெரியநாயக்கன்பாளையமும் வருகின்றன. போத்தனூர்–பொள்ளாச்சி அகலப்பாதை 2017இல் முடிந்தது, கிணத்துக்கடவு நடுவில் இருக்கிறது. இருகூர், சோமனூர், திருப்பூர், ஈரோடு ஒரே கோட்டில் இருக்கின்றன. தண்டவாளம் போட்ட செலவு முடிந்துபோனது. காலையிலும் இரவிலும் ஷிப்டுக்குத் தோதாக நாலு ரயில் விடுவதுதான் பாக்கி. இதற்கு 10,740 கோடி வேண்டாம். நீண்ட தூர ரயில்களுக்கு நடுவே இடம் ஒதுக்கும் மனம் வேண்டும், அது கோடியைவிட அரிதாக இருக்கிறது.

பஸ் வராத ஊருக்கு 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் வந்திருக்கிறது. தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், பெரும்பகுதி இதுவரை பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டும். தோட்டத்துச் சாளைக்காரருக்கு இது பொருத்தமான அளவு. இதன் பலன் நேர அட்டவணையில் இருக்கிறது. காலை ஏழரையும் மாலை ஐந்தும் என்று போட்டால் பள்ளிப் பிள்ளைகளோடு நின்றுவிடும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அட்டவணை போடும் முன் பனியன் கம்பெனிகளிடமும் வார்ப்பாலைகளிடமும் ஷிப்டு நேரத்தை வாங்கி, ஒன்றரை ஷிப்டு விட்டு அரை மணி கழித்து அவினாசியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் உள்ளூர்களுக்கு ஒரு நடை கட்டாயம் என்று உரிமத்திலேயே எழுதலாம். அந்த நடையில் ஆள் சேர ஆறு மாதமாவது ஆகும். அதுவரை ஆகும் டீசல் நஷ்டத்தை, பெண்களின் இலவசப் பயணத்துக்குக் கொடுப்பதுபோல, அரசு கொடுக்க வேண்டியிருக்கும்.